இடிப்புக் கூலி

அங்கேரிபாளையம் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது வீதி.
முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி.
கட்டின புதிதில் பேங்க் என்று நினைத்து
ஒருவர் செக்கோடு உள்ளே வந்துவிட்டாராம்.
அதைச் சொல்லும்போது சிவமலையண்ணனுக்கு
இன்னமும் நெஞ்சு நிமிரும்.

அஞ்சே முக்கால் சென்ட், கிழக்குப் பார்த்த வாசல்,
சொல்லும் விலை ஒன்று அறுபது.
"சீலிங் மட்டும் ஆறு பேரு நாப்பது நாளு செஞ்சாங்க.
அதையும் சொல்லிப்போடு கண்ணு."

சொல்லிப்போட்டேன்.
சுகப்பிரியா அண்ணாந்து பார்த்தாள்.
பிளாஸ்டர் தாமரை, அதற்குள் இன்னொரு தாமரை,
ஓரமெல்லாம் ஊதா விளக்கு.
சுவிட்சைத் தட்டினேன்.
பாதி எரிந்தது, பாதி யோசித்தது.
"இதை எடுத்துட்டா உசரம் எவ்வளவு வருமுங்க?"

எடுத்துட்டா.
அந்தச் சொல்லில் பிடித்தது.
அவள் புருஷன் லோகநாதன் போனைக் கையில் வைத்து
ஒவ்வொன்றாய்த் தட்டிக்கொண்டே நடந்தான்.
ஹாலுக்குள் இறங்குகிற ரெண்டு படி:
மூடி மட்டமாக்கணும், அப்பாவுக்குச் சக்கர நாற்காலி.
தூணில் வாய் பிளந்த சிங்கங்கள்.
கருப்புக் கிரானைட் கவுண்டர், நாலு உயர ஸ்டூல்,
குடிக்க ஒருவரும் ஏறாமல்
தேய்க்க வேண்டிய துணி ஏறி உட்கார்ந்திருந்தது.
கண்ணாடியெல்லாம் கழட்டினால்தான் காத்து வரும்.
சார்ஜ் போட போர்ட்டிகோவுக்குத் தனி லைன்.
தரை டைல்ஸ் வழுக்குது, மொத்தமும்.

அந்த டைல்ஸை விற்றவள் நான்.
அப்போது அவினாசி ரோட்டு ஷோரூமில் எனக்கு வேலை.
"இப்பெல்லாம் எல்லாரும் இதைத்தானுங்க போடறாங்க"
என்று அண்ணனிடம் முகம் தெரியத் துடைத்துக் காட்டினேன்.
அவருக்கு நினைவில்லை.
நானும் கிளறவில்லை.

"எனக்கு ஒரு கதவு வேணுமுங்க" என்றாள் சுகப்பிரியா.
"ராத்திரி எட்டு மணிக்குத்தான் பையரு லைனுக்கே வருவான்.
சாத்துனா மிக்சிச் சத்தம் கேக்கக் கூடாது."
எழுதிக்கொண்டேன்.
அடுத்த மூச்சில்,
"சமையக்கட்டுச் செவுத்தை ஒடச்சு ஓப்பன் பண்ணிரலாம்."

பொடக்காளியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சரசாமணியக்கா
கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள்.
"ஒடைங்க அம்மிணி. உள்ள வளைவு இருக்கும்.
மொதல்ல தொறந்துதான் கெடந்துச்சு.
பொண்ணுப் பாக்க ஒறம்பரை வந்த அன்னிக்கு
முந்தாநாள் வறுத்த கருவாடு
சோபாவுல மாப்பிள்ளைக்குப் பக்கத்துல உக்காந்திருந்துது.
மக்யா நாளே மேஸ்திரியக் கூப்புட்டு அடச்சுப்போட்டேன்."

சுகப்பிரியா சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.
பொத்தல் சத்தம்.
கேட்டுக்கொண்டே நின்றாள், கொஞ்ச நேரம்.

கடைசியாக பாத்ரூம்.
ரோஸ் கலரில் ஒரு பாத்டப்,
தங்க முலாம் உரிந்த குழாய்.
இதற்கும் ஒரு தொகை தட்ட லோகநாதன் கட்டைவிரலைத் தூக்கினான்.
மேலே பனியன் துணி விரித்துக் கயிறு கட்டியிருந்தது.
விலக்கினேன்: விளிம்பு வரை தண்ணீர்.

"நல்ல தண்ணி எத்தனை நாளைக்கொருக்காங்க?"
"எட்டு நாளு. சமயத்துல பத்து."
"இது எத்தனை குடம் புடிக்கும்?"
"இருவத்திரண்டு" என்றது பொடக்காளியிலிருந்து ஒரு குரல்.

கட்டைவிரல் இறங்கியது.
"இது இருக்கட்டுமுங்க."

ஒன்று முப்பத்தெட்டு சொல்லிவிட்டுப் போனார்கள்.
காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருந்த சிவமலையண்ணன்
கண்ணாடியை இறக்கினார்.
மொத்தத் தொகையைக் கேட்கவில்லை.
"சீலிங்குக்கு என்ன போட்டாங்க?"

போனில் பார்த்தது ஞாபகம் இருந்தது.
"எழுவத்தஞ்சாயிரமுங்கண்ணா."
அந்த எண்ணுக்கு முன்னால் நின்ற
சின்னக் கோட்டைச் சொல்லவில்லை.

"அட" என்றார்.
"இத்தனை வருசம் கழிச்சும்."
கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.